நம் ஊர்ப் படத்தை யார் வரைவது?



மலர்க் குழுவினர் ஆண்டுதோறும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்பதும், நான் திருமுறை பற்றியோ பிள்ளைகளின் ஒழுக்கம் பற்றியோ எழுதிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. இவ்வாண்டு நிலத் திட்டம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் செயலாளர் சற்றுத் தயங்கினார். "அது நகராண்மைக் கழகத்து வேலையல்லவா, சார்?" என்றார். நானும் பல்லாண்டுகள் அப்படியே எண்ணிச் சும்மா இருந்தவன்தான். சும்மா இருந்ததில் என்ன இழந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு அதே பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றினேன். எங்களுக்குத் தோட்டம்தான் ஊர். விடியற்காலைப் பெரட்டு, பால் கொட்டகை, ஆயாக் கொட்டகை, லயங்களுக்கு நடுவில் கோயில், கோயிலுக்குப் பின்னால் ஒரு திடல். ஆடி மாதம் தீமிதிக்குக் குழி வெட்டுவது அந்தத் திடலில்தான். தோட்டம் கைமாறிப் பாதி நிலத்தில் தாமான் வீடுகள் எழும்பிய பிறகும் கோயிலும் திடலும் இருந்தன. நாங்களும் இருந்தோம்.

2000களின் தொடக்கத்தில் ஒரு நாள் மலாய் நாளிதழில் ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் வட்டாரத்துக்கான உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் எழுதித் தரலாம் என்று இருந்தது. நான் அதைக் கத்தரித்து நாட்குறிப்பில் மடித்து வைத்தேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் படித்துக் காட்டலாம் என்பது எண்ணம். அப்போது தீமிதிக்கு மூன்று வாரமே இருந்தது. நான் பொருளாளர், ரசீதுப் புத்தகங்கள், பந்தல்காரர், அன்னதான அரிசி என்று நாள்கள் ஓடின. திருவிழா முடிந்து கணக்கு முடிக்கும்போதுதான் அந்தத் துண்டு கையில் கிடைத்தது. தவணை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

வரைபடத்தில் எங்கள் திடல் சாலையாகப் போடப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் சாலையும் வந்தது. குழி வெட்டிய இடத்தில் இன்று நான்கு தடத்தில் வாகனங்கள் ஓடுகின்றன. ஆட்சேபம் எழுதியிருந்தால் சாலை வந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் படம் வரைந்த அலுவலகத்தில் இருந்த ஒருவர் பிறகு என்னிடம் சொன்னது மனத்தில் தங்கிவிட்டது: "அங்கே ஒரு கோயில் திடல் இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது, சிகு. தாளில் அது காலி நிலம்."

தாளில் காலி நிலம். இந்த மூன்று சொற்களில் தோட்டத் தமிழரின் கதை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இதற்கு நம் கண் முன்னே நடந்த பெரிய சான்று புத்ராஜெயா.

இன்று பிரதமர் அலுவலகமும் ஏரியும் பாலங்களும் உள்ள அந்த இடம் முன்பு பெராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் தொடங்கிய தோட்டம் ஆகையால் அப்போரின் நினைவாகவே 'பெரும் போர்' என்று பெயரிட்டார்கள். ரப்பர் தொழிலில் இருந்தவர்களுக்கு 'பி.பி.' என்ற எழுத்துகளில் தொடங்கும் கன்று வகைகள் தெரிந்திருக்கும். உலகின் பல நாடுகளில் நடப்பட்ட அந்த வகைகள் பிறந்தது பெராங் பெசார் ஆராய்ச்சி நிலையத்தில். அந்தக் கன்றுகளுக்குக் களை எடுத்தவர்களும், அந்த மரங்களில் பால் வெட்டியவர்களும் நம்மவர்கள்.

1993-இல் அரசாங்கத்தின் புதிய நிர்வாகத் தலைநகருக்கு இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1995-இல் கட்டுமானம் தொடங்கியது. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கே குடிபெயர்ந்தது. 2001-இல் அது கூட்டரசுப் பிரதேசமானது. ஏறத்தாழ 4,900 ஹெக்டேர் நிலத்தில் எங்கே பூங்கா, எங்கே ஏரி, எங்கே அமைச்சுகள் என்று தேர்ந்த நிபுணர்கள் அங்குலம் அங்குலமாகத் திட்டமிட்டார்கள். நகரமைப்புக் கல்லூரிகளில் பாடமாக வைக்கத் தக்க வேலைதான், மறுக்கவில்லை. அதே நிலத்தில் பெராங் பெசார், செட்ஜ்லி, மேடிங்லி, காலவே ஆகிய தோட்டங்களில் இருந்த ஏறத்தாழ 400 குடும்பங்கள் 1990களின் இறுதியில் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன.

தரை வீடு கிடைக்கும் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக அக்குடும்பங்கள் அன்றிலிருந்தே கூறி வந்தன. அடுக்குமாடிச் சுவர்களில் விரிசல் கண்டது. மனு, சந்திப்பு, மறியல், மறுபடி மனு என்று 20 ஆண்டுகளுக்கு மேல் போயிற்று. லயத்தில் பிறந்த பிள்ளை அடுக்குமாடியில் வளர்ந்து, திருமணமாகி, அதன் பிள்ளையும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டது. 

இதில் நான் எவரையும் பழிக்க வரவில்லை. ஒரு வாத்தியாராக எனக்குத் தோன்றும் கணக்கு வேறு. தொடக்கத்திலேயே அந்த 400 வீட்டாரையும் ஒரு பெரட்டுக்களத்தில் உட்கார வைத்து, "உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும், கோயில் எங்கே, பள்ளி எங்கே, மாட்டுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, பதிலைப் படத்தில் எழுதியிருந்தால் எத்தனை நாள் பிடித்திருக்கும்? ஒரு மாதம்? ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்வோம்.

கேட்டால் மட்டும் என்ன ஆகிவிடும், படிக்காத சனம் என்ன சொல்லும் என்று நம்மவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் குத்தம்பாக்கம் என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் பிறந்த இளங்கோ ரங்கசாமி என்னும் இரசாயனப் பொறியாளர் வேலையை விட்டு ஊர் திரும்பி, 1996-இல் ஊராட்சித் தலைவரானார். 2006 வரை அப்பதவியில் இருந்தார். இந்திய அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடப்புக்கு வந்து கிராம சபைக்கு உயிர் கொடுத்திருந்தது. கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஊரார் அனைவரும்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டும் அல்லர். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடி வந்ததை 2022-இல் தமிழக அரசு உலகத் தண்ணீர் நாளையும் நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாக்கியது.

குத்தம்பாக்கத்தில் ஊர்ச் சபையில் வைத்துத்தான் எதையும் செய்வது என்று பிடிவாதமாக இருந்தார்கள். கழிவுநீர்க் கால்வாய் கட்டும்போது, அருகில் இருந்த கல் அறுக்கும் ஆலைகளில் வீணாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார்கள். அரசாங்க மதிப்பீட்டில் உள்ளபடி செய்யவில்லை என்று தலைவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது மேலிடம். ஊர் என்ன செய்தது? கிராம சபையைக் கூட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து அவருக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றினர். ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே ஊரில் இரட்டை வீடுகள் கட்டினார்கள்: ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். சேரியும் ஊரும் தனித்தனி என்று நூற்றாண்டுகளாக வரையப்பட்டிருந்த படத்தை அவ்வூர் மக்கள் கூடிப் பேசித் திருத்தினார்கள்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் என்று தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஒதுக்கினார்கள். ஊர்க் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் கூச்சல்தான் மிஞ்சும் என்பதால் குடிநீர், பள்ளி, விவசாயம், பெண்கள் என்று சிறு குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். பிறகு ஊரைச் சுற்றி நடந்து, கணக்கெடுத்து, ஒவ்வோர் ஊராட்சியும் தன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிக்கொண்டது. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் எனக்கு இந்தச் சிறு குழு உத்தி மிகவும் பிடித்திருக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஐந்து பேர் நடுவில் பேசும்.

(நம் மேடைகளில் இந்தப் பேச்சு வந்தாலே உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலை முறையையும் எடுத்துக்கொள்வோம். பெருமைதான். ஆனால் முதலாம் பராந்தகன் காலத்து அந்தச் சபையில் இடம்பெறச் சொந்த நிலமும் வீடும் வேத அறிவும் வேண்டும். பால் வெட்டியவனின் பாட்டனுக்கு அங்கே ஓலை எழுதியிருக்க மாட்டார்கள்.)

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் இல்லை. உள்ளூராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டவை, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முற்றாக நீங்கின. அதனால் நமக்கு வழியே இல்லை என்று எண்ணிவிடலாகாது. அதே 1976-இல் வந்த நகர, கிராம அமைப்புச் சட்டம், அதாவது 172-ஆவது சட்டம், ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் ஒரு கட்டமைப்புத் திட்டம் உண்டு. அதற்குக் கீழே ஒவ்வொரு நகராண்மைக் கழகமும் உள்ளூர்த் திட்டம் ஒன்றைத் தயாரிக்கிறது. மலாயில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்பார்கள். எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது தொழிற்சாலைக்கு, எது வழிபாட்டுக்கு என்று நிறம் நிறமாகக் காட்டுவது இதுதான்.

வரைவதற்கு முன்னரே மக்களுக்கு அறிவித்து அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். வரைந்து முடித்ததும் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, நான்கு வாரங்களுக்குக் குறையாமல் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் எழுதித் தருபவரை விசாரணைக் குழு நேரில் அழைத்துக் கேட்கும். இவ்வளவும் சட்டம். கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் 267-ஆவது சட்டம் என்று தனியாக ஒன்று. பிரிக்பீல்ட்ஸ் அன்பர்கள் கவனிக்க வேண்டும்: உங்கள் தெருவுக்கும் பொருந்தும் கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040, 2025 ஜூன் 11 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் வீட்டைச் சுற்றி என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இனி எங்கள் இரண்டாம் முயற்சியைச் சொல்கிறேன். திடல் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, பழைய திட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று மறுபடி அறிவிப்பு வந்தது. இம்முறை அதை நாட்குறிப்பில் வைக்கவில்லை; கோயில் அறிவிப்புப் பலகையில், பூசை நேரத்துக்கு மேலே ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்ததும் யாரும் கிளம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். மண்டபத் தரையில் கோல மாவால் எங்கள் பகுதியை வரைந்தோம். நான் சாலைகளைப் போட்டேன். மற்றவற்றை வந்தவர்களே போட்டார்கள்.

எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது அன்றுதான். நகராண்மைக் கழகத்தின் படத்திலும் இல்லாதவை, என் தலையிலும் இல்லாதவை தரையில் தோன்றின. மழை நாளில் தண்ணீர் எந்தக் கால்வாயில் எதிர்த்து வரும் என்று எழுபது வயதுப் பாட்டி ஒருவர் மாவை எடுத்துக் கோடு இழுத்தார். தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் விளக்கில்லாமல் நடக்கும் குறுக்கு வழியைக் காட்டினார்கள். "வாத்தியாரே, பஸ் நிறுத்தத்தை நீங்க போட்ட இடத்துல பஸ் நிக்கிறதில்ல" என்று ஒரு சிறுமி சொல்ல, மண்டபமே சிரித்தது. பள்ளிப் பிள்ளைகள் அதையெல்லாம் தாளில் பெயர்த்து, மலாயில் எழுதினார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள்.

எல்லாரும் ஒரே மனமாக இருந்தார்கள் என்று சொன்னால் பொய். தோட்டத்துப் பழைய வீடுகளில் இருந்த இரு குடும்பத்தார், "கோயிலைக் காப்பாத்துறீங்க, சரி. எங்களுக்குக் காசு கொடுத்தா நாங்க இன்னைக்கே போயிடுறோம். அதையும் எழுதுங்க" என்றார்கள். தலைவருக்குக் கோபம். நான் எழுத வேண்டும் என்றேன். எழுதினோம். விசாரணையில் ஐந்து கோரிக்கைகளை வைத்தோம். கோயில் நிலத்தை வழிபாட்டு இடமாகக் குறித்தார்கள்; கால்வாயை அகலப்படுத்த ஒப்புக்கொண்டார்கள். பாலர் பள்ளிக்குக் கேட்ட இடம் கிடைக்கவில்லை. மற்ற இரண்டுக்கும் பதில் வந்தது, காரியம் வரவில்லை.

மக்களைக் கேட்பது என்றால் ஒரே குரலைக் கேட்பது அன்று என்பதற்குப் புக்கிட் கியாராவைவிட வேறு சான்று வேண்டாம். அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள், தோட்டம் அரசு கைக்குப் போன பிறகு, 1980களிலிருந்து தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள நீள வீடுகளில் நிலையான வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். அருகில் தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா. அப்பூங்கா நிலத்தில் உயர்ந்த ஆடம்பர அடுக்குமாடிகளும், அவற்றோடு நீள வீட்டாருக்கு ஒரு கட்டடமும் கட்ட 2017-இல் அனுமதி கொடுக்கப்பட்டது. பூங்காவைப் பயன்படுத்தும் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, அனுமதி செல்லாது என்றது. கட்டமைப்புத் திட்டத்தை மாநகர் மன்றம் மனம்போல் ஒதுக்கிவிட முடியாது என்பதும், பாதிக்கப்படும் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போகலாம் என்பதும் அதனால் நிலைபெற்றன.

குடியிருப்பாளர் உரிமைக்கு அது பெரிய வெற்றி. ஆனால் நீள வீட்டில் இருந்த நம்மவர்களுக்கு அன்று மாலை என்ன தோன்றியிருக்கும்? வீடு கேட்டவர்களையும் மரம் கேட்டவர்களையும் ஒருவருக்கொருவர் எதிரில் நிறுத்தும்படி அத்திட்டம் அமைந்துவிட்டது. இரு தரப்பும் தொடக்கத்திலேயே ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து ஒரே தரையில் மாவுக் கோடு போட்டிருந்தால் வேறு இடம் அகப்பட்டிருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. அகப்படாமலும் போயிருக்கலாம்.

இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளிடம் தவணையில் பங்குப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் நிலத்துக்குப் பங்காளிகள் ஆனார்கள். நிலம் கையில் இருந்தால் படம் வரைபவர் நம்மைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கையில் இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது தாள்: கடிதம், ரசீது, புகைப்படம், சாட்சி. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலை அருகே நூறாண்டுக்கு மேல் இருந்த ஆலயத்தின் நிலம் 2014-இல் தனியாருக்கு விற்கப்பட்ட செய்தி, 2025-இல் இடமாற்றப் பேச்சு எழுந்தபோதுதான் நம்மில் பலர் காதுக்கு எட்டியது.

ஆகவே இவ்வாண்டு நிர்வாகத்தின் ஒப்புதலோடு ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஆலயத்தைச் சுற்றியுள்ள நிலங்களின் இன்றைய நிலையை எழுதிவைக்க ஒரு பதிவேடு வாங்கியாயிற்று. நம் அன்பர்களிடம் பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, துரை எழுதிய கடிதம், கோயிலுக்கு நிலம் விட்டதைக் குறிக்கும் எந்தத் துண்டுச் சீட்டு, பின்னணியில் லயமோ கிணறோ திடலோ தெரியும் திருமணப் புகைப்படம் எது இருந்தாலும் ஆலய அலுவலகத்தில் கொடுத்து உதவுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே மூலத்தைத் திருப்பித் தருவோம். படத்தில் இருப்பவர் பெயரும் எடுத்த ஆண்டும் தெரிந்தால் பின்புறம் பென்சிலால் குறித்துவிடுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.

தைப்பூசம் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்குப் பிறகு மண்டபத்தில் மறுபடி தரைப்படம் போடுகிறோம். கோல மாவு நிர்வாகத்தின் செலவு. பாட்டிமார்களை அழைத்து வருபவர்கள் அவர்களுக்கு நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் எடுத்து வைக்கிறோம்.